கண்ணாடி இல்லாத சட்டம்: மாக்ஸ் லிண்டரின் காட்சியைச் செய்து பார்த்தபோது

ஆறரை அடி உயரமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு நிலைக்கண்ணாடிச் சட்டம். கண்ணாடி மட்டும் கிடையாது. இந்தப் பக்கம் ஒருவர் நின்று கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். அந்தப் பக்கம் அவரைப் போலவே உடுத்திய இன்னொருவர் அதே கணத்தில் தன் கன்னத்தைத் தடவ வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நடுவில் கண்ணாடி இருப்பதாகவே தோன்ற வேண்டும். மாக்ஸ் லிண்டர் என்ற பிரெஞ்சு நடிகர் தாமே எழுதி, இயக்கி, நடித்து 1921இல் வெளிவந்த ‘செவன் இயர்ஸ் பேட் லக்’ என்ற மௌனப் படத்தின் காட்சி இது. எங்கள் நாடகக் குழுவில் இதை அடியிலிருந்து செய்து பார்த்தோம். சட்டம் செய்ததையும் உடை தைத்ததையும் விளக்கு வைத்ததையும், எல்லாவற்றுக்கும் மேலாக உடம்பைப் பழக்கியதையும், செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். பிம்பமாக நின்றவன் நான். மாக்ஸாக நின்றவர் என் நண்பர்.

முதலில் காட்சி. கல்யாணம் நிச்சயமான மாக்ஸ், நண்பர்களோடு விடிய விடியக் குடித்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். மறுநாள் காலையில் பணியாளின் அசட்டுத்தனத்தால் அவருடைய பெரிய நிலைக்கண்ணாடி உடைந்துவிடுகிறது. வேறு கண்ணாடிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அது வந்து சேரும்வரை சமாளிக்க, முதலாளியின் சாயல் உள்ள சமையற்காரரைச் சட்டத்துக்கு அப்பால் நிறுத்துகிறார்கள். மாக்ஸ் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்கிறார். பிம்பத்தின் மேல் மெல்லச் சந்தேகம் வருகிறது. கடைசியில் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டு ஆத்திரத்தோடு அவர் திரும்பி வருவதற்குள் புதுக் கண்ணாடியைப் பதித்துவிடுகிறார்கள். சமையற்காரர் மேல் எறிவதாக நினைத்து அவர் எறிகிற காலணி உண்மையான கண்ணாடியை நொறுக்குகிறது. கண்ணாடியை உடைத்தால் ஏழு ஆண்டு கெட்ட காலம் என்பது மேற்கத்திய நம்பிக்கை. படத்தின் மீதிக் கதை முழுவதும் அங்கிருந்து ஓடுகிறது. சமையற்காரராக நடித்தவர் ஹாரி மான்.

இந்த உத்தியை லிண்டர் கண்டுபிடித்தார் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வெற்றுச் சட்டத்தில் பிம்பமாக நடிப்பது மேடை வேடிக்கைகளில் முன்பே இருந்தது. 1916இல் வந்த ‘தி ஃப்ளோர்வாக்கர்’ படத்தில் சாப்ளினும் தன்னைப் போன்ற ஒருவரை எதிரில் பார்த்துப் பிம்பமோ என்று மயங்குகிறார். 1933இல் அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் ‘டக் சூப்’ படத்தில் செய்ததுதான் இன்று அதிகம் பேர் அறிந்தது. லிண்டர் இதை அவசரப்படாமல், ஒரு மனிதனின் காலை நேரத்து அலங்காரமாக நீட்டி எடுத்தார். அந்த நிதானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் இதில் இறங்கினோம்.

சட்டத்துக்கு மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள பைன் மரம் எடுத்தோம். கனம் குறைவாக இருப்பது முக்கியம். கண்ணாடி பதித்த சட்டத்தில் முன்விளிம்பு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். வெற்றுச் சட்டத்தில் உள்பக்கக் கனம் முழுவதும் தெரிந்து, அது ஒரு வாசல் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்பக்கத்துக்கு மங்கல் கறுப்பு அடித்தோம். மூலைகளை 45 பாகையில் அறுத்துச் சேர்த்தார் தச்சர். “காடி எடுக்க வேண்டாமா சார், கண்ணாடி எப்படி உட்காரும்?” என்று கேட்டார். கண்ணாடி கடைசியில்தான் வரும், அதுவும் பின்பக்கத்திலிருந்து வரும் என்று விளக்கியபோது, பின்புறம் காடி எடுத்து நான்கு திருகு கட்டைகளையும் அவரே யோசித்து வைத்துக் கொடுத்தார். அந்தக் கட்டைகளைத் திருப்பினால் கண்ணாடி நொடியில் உட்கார்ந்துவிடும். காட்சியின் முடிவுக்கு அது எவ்வளவு உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்துக்குப் பின்னால் முட்டு கொடுக்க முடியாது. அங்கேதான் பிம்ப உலகம் இருக்கிறது. அதனால் இருபுறமும் பிளைவுட் சுவர் எழுப்பி, நடுவில் சட்டத்தைப் பதித்தோம். தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்துப் பார்ப்பதில் சோம்பல் கூடாது. கண்ணாடி சற்றுச் சாய்ந்தால் அதில் தெரியும் அறை முழுவதும் சாய்ந்து தெரிய வேண்டும். நம் பின்னறை சாயாது. கண் அந்த முரணை உடனே பிடித்துவிடும்.

பின்னறை, முன்னறையின் இடவலம் மாறிய நகலாக இருக்க வேண்டும். நாற்காலி, சிறு மேசை, பூச்சாடி இவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம். எழுத்து உள்ள எந்தப் பொருளும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். தரையில் ஓடுகள் இருந்தால் சட்டத்தின் அடிவிளிம்பு சரியாக இரண்டு ஓடுகளின் இணைப்புக் கோட்டில் விழ வேண்டும். அப்போதுதான் இந்தப் பக்கத்துக் கட்டங்கள் அந்தப் பக்கம் பிசகில்லாமல் தொடரும். தூரமும் அப்படியே. நண்பர் சட்டத்திலிருந்து மூன்றடியில் நின்றால் நானும் மூன்றடியில் நிற்க வேண்டும். தரையில் அரையடிக்கு ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போட்டு, காலாலேயே உணரும்வரை இருவரும் அதில் நடந்தோம்.

உடையில் நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். படத்தில் மாக்ஸ் இந்தக் காட்சியில் வீட்டு உடையில் இருக்கிறார். அதில் இடவலப் பிரச்சினை குறைவு. ஆனால் நாங்கள் அறிய விரும்பியது, உலகம் அறிந்த அந்தப் பழைய மாக்ஸை: பட்டுத்தொப்பி, நீள்கோட்டு, கையுறை, கைத்தடி, செதுக்கிய மீசை. அதனால் முழு அலங்காரத்தோடு செய்தோம்.

அந்த அலங்காரத்தின் கதை சொல்ல வேண்டியது. 1883 டிசம்பர் 16 அன்று, பிரான்சில் போர்தோ நகருக்கு அருகிலுள்ள சேன் லூபேஸ் என்ற ஊரில், திராட்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் லிண்டர். பெற்றோர் வைத்த பெயர் கப்ரியேல் லவியேல். குடும்பத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. போர்தோவில் நாடகம் பயின்று, 1904இல் பாரிசுக்கு வந்து மேடைகளில் சிறு வேடங்கள் ஏற்றார். 1905இல் பாத்தே நிறுவனத்தின் படங்களில் நடிக்கத் தொடங்கினார். அன்று நாடகக்காரர்களுக்குச் சினிமா கூலி வேலை. மதிப்பு தரும் தொழில் என்று யாரும் நினைக்கவில்லை. 1907இல் வந்த, உறைந்த பனிக்கட்டித் தரையில் சறுக்குக் காலணியோடு சறுக்கப் பழகும் ஒருவனைப் பற்றிய குறும்படத்தில் அவர் தொப்பியும் கோட்டுமாக வருகிறார். உடை கனவானுடையது, கால்கள் மட்டும் நிற்க மறுக்கின்றன. அவருடைய பிற்கால நகைச்சுவை முழுவதற்கும் விதை அங்கே இருக்கிறது.

பாத்தேயின் முன்னணிக் கோமாளியாக இருந்த ஆந்த்ரே தீத் இத்தாலிக்குப் போனபின் லிண்டருக்கு இடம் கிடைத்தது. 1910 வாக்கில் ‘மாக்ஸ்’ என்ற பெயரே படத்தின் தலைப்பில் நின்றது: மாக்ஸ் குளிக்கிறார், மாக்ஸும் மாமியாரும், மாக்ஸ் காளைச்சண்டை வீரர். மாக்ஸ் சினிமாவில் சேரும் கதையைச் சொல்லும் படத்தில் முதலாளி சார்ல் பாத்தே தாமாகவே வந்து நடித்தார். மாக்ஸ் சுற்றுப்பயணமாக ரஷ்யா சென்றபோது அவருக்குப் பியானோ வாசித்த இளைஞர், பின்னாளில் ஹாலிவுட்டில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான திமித்ரி தியோம்கின். முகத்தைக் கோணி, சாமான்களை உடைத்து, தெருத்தெருவாக ஓடிச் சிரிக்கவைத்தவர்கள் நிறைந்த காலத்தில் இவர் நின்ற இடத்தில் நின்று, சங்கடத்தை மறைக்க முயன்றார். மறைக்கும் முயற்சியே சிரிப்பு. என் கருத்தில் திரைக்கென்றே பிறந்த முதல் நகைச்சுவை நடிப்பு இதுதான். கேமரா அருகில் இருக்கிறது, இமை அசைந்தால் போதும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்த உடம்பு அது.

தையற்காரரிடம் இரண்டு கோட்டுகள் கொடுத்தோம். ஆண்களின் கோட்டில் இடப்பக்கம் மேலே வரும், காஜா இடப்பக்கம் இருக்கும், மார்புப் பை இடப்பக்கம். பிம்பக் கோட்டில் எல்லாம் மாற வேண்டும். நீண்ட விளக்கத்துக்குத் தயாராகப் போனேன். “பெண்கள் சட்டைக்குப் போடுகிற பக்கம்தானே, போட்டுவிடலாம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மோதிரம், தலைவகிடு, கைக்குட்டையின் முனை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். மீசையை மட்டும் இருவருக்கும் ஒரே அச்சில் வெட்டி ஒட்டினோம். மீசையில் ஒரு நூல் வித்தியாசம்கூடக் கண்ணுக்குப் பட்டது.

விளக்கு நினைத்ததைவிடக் கடினம். மாக்ஸின் பக்கத்தில் வைத்த விளக்கின் ஒளி வெற்றுச் சட்டம் வழியாகப் பாய்ந்து, அவருடைய நிழலை என் மேல் போட்டது. கண்ணாடிக்குள் யாருடைய நிழலும் விழாது. தீர்வு, சட்டத்தின் தளத்தை நடுக்கோடாகக் கொண்டு இருபுறமும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், ஒரே வாட்டில் விளக்கு வைப்பது. அவற்றைப் பக்கவாட்டில் தள்ளி வைத்து, சட்டம் வழியாக ஒளி குறுக்கே போகாதபடி பிளைவுட் சுவராலேயே மறைப்பது. கேமராவைச் சட்டத்துக்கு நேராக வைக்கவே முடியாது. உண்மைக் கண்ணாடியாக இருந்தால் கேமராவே அதில் தெரியும். சற்றுக் கோணத்தில் வைத்து, மாக்ஸின் முதுகில் பாதியும் பிம்பத்தின் முகமும் ஒன்றாக விழும் இடத்தைப் பிடித்தோம்.

இனிமேல்தான் உண்மையான வேலை.

நான் நண்பரைப் பார்த்துச் செய்தேன். நன்றாகத்தான் செய்தோம் என்று இருவரும் நினைத்தோம். பதிவைச் சட்டகம் சட்டகமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக நகர்த்திப் பார்த்தபோது ஒவ்வொரு அசைவிலும் நான் பின்தங்கியிருந்தேன். கண்ணால் பார்த்து உடம்பு பதில் கொடுக்க, எவ்வளவு பழகினாலும், ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். நொடிக்கு 25 சட்டகம் எடுக்கும் கேமராவில் அது ஐந்து சட்டகம். பார்வையாளர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ‘ஏதோ சரியில்லை’ என்று உடனே உணர்ந்துவிடுகிறார். பயிற்சியால் இதைக் குறைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது. ஆகவே பார்த்துச் செய்வது என்ற வழியே இங்கு அடைபட்ட வழி.

அடுத்து எண்ணிக்கை. மௌனப் படத்தின் பெரிய வசதி, படமெடுக்கும்போது யார் வேண்டுமானாலும் பேசலாம். குழுவில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்கச் சொல்ல, ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அசைவு என்று வகுத்தோம். பின்தங்கல் மறைந்தது. ஆனால் இருவரும் பொம்மைகளாகிவிட்டோம். கன்னத்தைத் தடவுகிற மனிதன் போய், கன்னம் தடவும் பயிற்சி மட்டும் மிஞ்சியது.

தீர்வு அசைவின் தொடக்கத்தில் கிடைத்தது. கை உயர்வதற்கு முன் தோள் அசைகிறது. தோளுக்கு முன் மூச்சு மாறுகிறது. நண்பர் ஒவ்வொரு செய்கையையும் மூச்சை இழுத்துத் தொடங்கினால், அந்த இழுப்பைப் பார்த்து நான் தயாராகி, கை கிளம்பும்போது கூடவே கிளம்ப முடிந்தது. சீரான வேகத்தில் போகும் எந்த அசைவையும் எதிரில் இருப்பவர் முன்கூட்டி அறியலாம். திடீரென்று தொடங்குவதும் திடீரென்று நிற்பதும்தான் கொல்லும். மிருதங்கக்காரர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிப்பதில்லை, தாளத்தின் ஓட்டத்தில் இருவரும் சேர்ந்து வந்து விழுகிறார்கள். எங்களுக்கும் அப்படி ஓர் ஓட்டம் தேவைப்பட்டது. அதன் பிறகு லிண்டரின் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தபோது, அந்த நிதானம் எனக்கு வேறாகத் தெரிந்தது. அலட்சியமான கனவானின் சோம்பல் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தது, எதிரில் நிற்பவரையும் சுமந்துகொண்டு போகும் வேகம். தன் துணைநடிகர் பிழைக்கும்படி நடிக்கிறார் அவர்.

திரும்பி நிற்கும் இடங்களுக்கு வேறு உபாயம். முதுகைக் காட்டித் திரும்பும்போது ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அங்கே காலடி ஓசை உதவுகிறது: கட்டைத் தரையும் தோல் காலணியும் இருந்தால் அடியெடுத்து வைக்கும் ஒலியில் இருவரும் ஒட்டிக்கொள்ளலாம். கைத்தடிக்கு ஒரு கறுப்பு நூல். சட்டத்தின் குறுக்கே மார்பு உயரத்தில் மெல்லிய நூல் கட்டினோம்; கேமராவுக்குத் தெரியாது. தடியை நீட்டினால் என் தடியின் முனையும் அவருடைய முனையும் அந்த நூலில் சந்திக்க வேண்டும். ஒத்திகையில் நூல் அசைந்தால் யாரோ எல்லை தாண்டியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

பிறகு முகம். நான் மிகவும் பாடுபட்டது இதில்தான். மாக்ஸ் சந்தேகத்தோடு புருவத்தைச் சுருக்கினால், பிம்பமும் சந்தேகத்தோடு சுருக்க வேண்டும். ஆனால் பிம்பமாக நிற்பவர் மாட்டிக்கொள்வோமோ என்று நடுங்கும் சமையற்காரர். அவருக்குள் இருப்பது பயம், முகத்தில் காட்ட வேண்டியது முதலாளியின் சந்தேகம். பயம் துளிகூடத் தெரியாவிட்டால் காட்சி வெறும் உடற்பயிற்சி. கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் மாக்ஸ் முட்டாளாகிவிடுகிறார். கண்ணில் மட்டும், அதுவும் மாக்ஸ் வேறுபக்கம் பார்க்கும் கணத்தில் மட்டும் பயத்தை விட்டு எடுத்தோம். ஹாரி மானை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அவர்மேல் பெரும் மரியாதை வந்துவிட்டது.

நண்பரின் வேலையும் எளிதாக இல்லை. தன் பிம்பத்தைச் சோதிக்கும்போதுகூட மாக்ஸ் மரியாதை தவறுவதில்லை. தலைவலியோடு எழுந்த மனிதன், குறை தன்னுடையதுதானோ என்று முதலில் தன்னையே சந்தேகப்படுகிறான். அந்த வரிசை முக்கியம்: முதலில் தன்மேல், பிறகு கண்ணாடிமேல். நண்பர் எடுத்தவுடனே எதிரியைப் பிடிக்கும் முனைப்போடு செய்தபோது சிரிப்பே வரவில்லை. தன் கண்ணைக் கசக்கிக்கொள்வதிலிருந்து தொடங்கியபோது, பார்த்துக்கொண்டிருந்த குழுவினர் தாமாகச் சிரித்தார்கள்.

இந்தக் காட்சியை எடுத்தபோது லிண்டர் எப்படிப்பட்ட நிலையில் இருந்தார் என்பதும் இதோடு சேர்ந்தது. முதல் உலகப் போர் அவருடைய உடல்நலத்தையும் மனநலத்தையும் சிதைத்துவிட்டது. 1916இல் அமெரிக்காவின் எஸ்ஸனே நிறுவனம், தன்னைவிட்டுப் போய்விட்ட சாப்ளினின் இடத்தை நிரப்ப அவரை அழைத்தது. 12 படங்களுக்கு ஒப்பந்தம். மூன்று மட்டுமே முடிந்தன. படங்கள் எடுபடவில்லை, நோயும் வந்தது, பிரான்சுக்குத் திரும்பினார். அந்த முறை சாப்ளின் அவருக்குக் கொடுத்த புகைப்படத்தில், லிண்டரைப் பேராசிரியர் என்றும் தன்னைச் சீடன் என்றும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். 1919இல் ரேமோன் பெர்னார் இயக்கிய ‘லெ பெத்தீ கஃபே’ பிரான்சில் அவரை மறுபடி தூக்கி நிறுத்தியது. பிறகு மீண்டும் அமெரிக்கா. இம்முறை தம் படங்களைத் தாமே தயாரித்தார். ‘செவன் இயர்ஸ் பேட் லக்’, ‘பி மை வைஃப்’, 1922இல் ‘தி த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்’. மூன்றும் இன்று போற்றப்படுகின்றன. அன்று அவர் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. அந்த நிலையில் இருந்த ஒருவர் இவ்வளவு இலேசாக ஒரு காட்சியை எடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

ஐரோப்பாவுக்குத் திரும்பி, பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்சின் ‘ஓ செக்கூர்’ படத்திலும், வியன்னாவில் எடுத்த சர்க்கஸ் கதை ஒன்றிலும் நடித்தார். 1923இல் தம்மைவிட மிக இளையவரான நினெத் பீட்டர்ஸை மணந்தார். 1924 ஜூனில் மகள் மோத் பிறந்தாள். 1925 அக்டோபர் கடைசி இரவில் பாரிஸ் விடுதி ஒன்றில் கணவனும் மனைவியும் உயிரை முடித்துக்கொண்டார்கள் என்பது அன்று வந்த செய்தி. குழந்தைக்குப் பதினாறு மாதம். அந்த இளம் பெண்ணின் சாவை ஒரு மேதையின் சோகக் கதையில் அடிக்குறிப்பாக வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மோத் லிண்டர் தந்தையை அறியாமல் வளர்ந்தார். வளர்ந்தபின் அவருடைய படங்களைத் தேடிச் சேர்ப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். தந்தை அமெரிக்காவில் எடுத்த மூன்று படங்களின் பகுதிகளை 1963இல் தொகுத்து வெளியிட்டார். 1983இல் தந்தையைப் பற்றி ‘பட்டுத்தொப்பி மனிதர்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். 2017இல் காலமானார். லிண்டரின் நூற்றுக்கணக்கான குறும்படங்களில் பல அழிந்துபோயின. மிஞ்சியவற்றில் பலவற்றை நாம் இன்று பார்க்கிறோம் என்றால் அதில் இந்தப் பெண்ணின் உழைப்பு பெரிது. பாரிசில் புவாசோனியேர் பூல்வார் என்ற சாலையில் மாக்ஸ் லிண்டரின் பெயரில் ஒரு திரையரங்கு இன்றும் நடக்கிறது.

இனிக் கடைசிப் பகுதி: வெற்றுச் சட்டத்தில் உண்மைக் கண்ணாடி வருவது. கண்ணாடி உடைவதை நாங்கள் செய்யவில்லை. மனிதர்கள் அருகில் நிற்கும்போது உண்மைக் கண்ணாடியை உடைப்பது எந்தக் காட்சிக்கும் தேவையில்லாத ஆபத்து. உடையாத அக்ரிலிக் கண்ணாடித் தகடு வாங்கினோம். இவ்வளவு பெரிய தகடு வளைந்து பிம்பத்தை நெளிக்கும் என்பதால், பின்னால் பிளைவுட் ஒட்டி விறைப்பாக்கினோம். மாக்ஸ் திரும்பி விலகும்போது, தச்சர் வைத்த நான்கு கட்டைகளையும் திருகி இருவர் அதைப் பதித்துவிடலாம். அந்தக் கணத்தில் ஒளியும் மாறுகிறது: வெற்றுச் சட்டத்தில் பின்னறை விளக்கின் ஒளி என் மேல் விழுந்தது, இப்போது தெரிவது முன்னறை விளக்கின் பிரதிபலிப்பு. அக்ரிலிக் சற்று மங்கலாகத்தான் பிரதிபலிக்கும். அதனால் பின்னறை விளக்கை முன்கூட்டியே ஒரு படி குறைத்து வைத்துக்கொண்டால் மாற்றம் கண்ணில் படாது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தச்சரிடம் போவதைத் தள்ளி வையுங்கள். முதலில் சுவரில் கட்டிய நூலுக்கு இருபுறமும் இரண்டு பேர் நின்று, உட்காருவது, எழுவது, கைக்குட்டையை மடிப்பது இம்மூன்றை மட்டும் பழகுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்து சட்டகம் சட்டகமாகப் பாருங்கள். பின்தங்கல் ஒரு சட்டகத்துக்குள் வந்தபின் மரம் வாங்கினால் போதும். இடங்களை மாற்றிக்கொண்டும் பழகுங்கள். மாக்ஸாக நடிப்பவர் ஒருமுறையாவது பிம்பமாக நின்றிருந்தால், தம் அசைவை எங்கே தொடங்கிக் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தானாக விளங்கிவிடும். எங்கள் குழுவில் இப்போது நண்பர் பிம்பமாக நிற்கிறார். கோட்டுகள் இருவருக்கும் அளவாக இருக்கின்றன, மீசை மட்டும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.